தறிச் சத்தம் நின்ற காலை

பார்லித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுத் தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் அதற்கடுத்த வீட்டுத் தறி நின்றது. பிறகு எங்கள் வரிசையில் ஒன்று. வடிகட்டும் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். தெரு முழுக்க அமைதி வந்து சேர்ந்ததும் எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுவதும், யாரோ கிணற்றில் வாளியை விடுவதும் துல்லியமாகக் கேட்டன. பகல் நேரத்தில் எங்கள் தெருவில் அந்தச் சத்தங்கள் காதில் விழக் கூடாது.

உள்ளறையில் அப்பா படுத்திருந்தார். டைபாய்டு. வாரக் கணக்கில் கிடந்தார். அன்று விடியற்காலையில்தான் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லில்லி," என்றார். அத்தனை நாள் பிதற்றலுக்குப் பிறகு என் பெயரை அவர் சரியாகச் சொன்னது அப்போதுதான். "தறி நின்னுபோச்சு. யாரும்மா போய்ட்டாங்க?"

"தெரியலப்பா."

"என்னைத் தூக்கி உக்கார வை."

"படுத்துக்கினே இருப்பா. கம்பவுண்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"உக்கார வைம்மா. தெருவுல சாவு ஆயிருக்குது. படுத்துக்கினு இருக்கறது மரியாதை இல்ல."

முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய போர்வையைச் சுருட்டிவைத்து, சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். யாருக்காக என்று தெரியாமலேயே இரண்டு கைகளையும் கூப்பி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"போய் யாருன்னு பாத்துட்டு வா," என்றார்.

போனேன். ஆனால் வாசலில் என்ன பார்த்தேன் என்பதற்கு முன்னால் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் பரவும் சேதி

போன வாரம் அப்பாவின் வாடகை சைக்கிள் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக மறுபடி சுருக்கமாகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில், இரண்டு பக்கமும் நெசவாளர் வீடுகளாக இருந்த ஒரு நீளத் தெரு. அது பெரிய ரோட்டில் போய்ச் சேருகிற முனையில் எங்கள் கடை. கடையை ஒட்டிய கோடி வீடு ஏகாம்பரத்தினுடையது. நாங்கள் குடியிருந்தது தெருவின் நடுவில், ராஜம்மா வீட்டுக்கு எதிரே. தெருவில் தறி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். கிறிஸ்தவ வீடும் எங்களுடையது ஒன்றுதான்.

தறி ஓடும் தெருவில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் காதில் விழாது. விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதற்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேசுவோம். அதனால் எங்கள் தெருப் பெண்களைச் சண்டைக்காரிகள் என்று மற்ற தெருக்காரர்கள் நினைத்தார்கள். பாதி உண்மைதான்.

ஒரு சாவு விழுந்தால் மட்டும் அந்தச் சத்தம் நிற்கும். இதை யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. உயிர் போனதும் சாவு வீட்டார் முதல் காரியமாக, அவர் கிடந்த பாயையும் தலையணையையும் தெருவில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்காரர் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எடுத்துப் பாவு நூலின் மேல் வைத்துவிட்டு, மிதி இருக்கும் தறிக்குழியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அவர் தறி நின்றது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவரும் நிறுத்துவார். அது அதற்கடுத்த வீட்டுக்குக் கேட்கும். யார் போனது, எப்படிப் போனது என்பதெல்லாம் அப்புறம்தான். ஏன் என்று விசாரித்துக்கொண்டு ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

மறுபடி ஓட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. தெருவில் பிணம் கிடக்கும்போது கோயிலில் பூஜை நடக்காதல்லவா, அதே மாதிரி பிணத்தை எடுக்கிற வரைக்கும் ஒரு தறியும் ஓடாது. அது தெரு முனையில் எங்கள் கடையைத் தாண்டித் திரும்ப வேண்டும். திரும்புவதைப் பார்க்கிற இடத்தில் இருந்தவர் கோடி வீட்டு ஏகாம்பரம். அவர்தான் முதலில் மிதிப்பார். அவர் தறியைக் கேட்டுப் பக்கத்து வீடு, அதைக் கேட்டு அடுத்த வீடு என்று சத்தம் தெருவுக்குள் திரும்பி வரும்.

அப்பா சைக்கிள் கடைக்காரர். அவருக்கு இந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் தறி நின்றால் அவரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தால் பாதியில் நிறுத்திவிடுவார். அவசரமாகச் சைக்கிள் வேண்டும் என்று வருகிறவர்களிடம், "தெருவுல சாவு ஆயிருக்குதுபா. எடுத்தப்புறம் வா," என்பார். பிணம் கடையைத் தாண்டும்போது கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். அவரை யாரும் நிற்கச் சொன்னதில்லை.

பெரியப்பா போன நாள்

அவர் அப்படி நின்றதில் எனக்கு ஒரு காலத்தில் கோபம் இருந்தது. காரணம் பெரியப்பா.

அப்பாவின் அண்ணன் எங்களோடுதான் இருந்தார். கடையில் இரண்டு பேருமாகத்தான் வேலை பார்த்தார்கள். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறு வருஷம், ஒரு நாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த பெரியப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

தெருவில் யாரும் குறை வைக்கவில்லை. ராஜம்மா வீட்டிலிருந்து குண்டான் நிறையக் காபி வந்தது. ஏகாம்பரம் தன் வீட்டு பெஞ்சை அனுப்பிவைத்தார். ஜெபம் பண்ணச் சபை உபதேசியாரைக் கூட்டிவர யாரோ ஓடினார்கள். ஆனால் தறிகள் நிற்கவில்லை. எங்கள் எதிர் வீடு, பக்கத்து வீடு, கோடி வீடு எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டே இருந்தன. உபதேசியார் வாசலில் ஜெபம் பண்ணினார். பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பெரியப்பாவை அந்தச் சத்தத்துக்கு நடுவிலேதான் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் ராஜம்மா ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டார். ராஜம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பெருமாள் பக்தி அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது திருப்புட்குழிக்குப் போய் வருவார். நான் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"திருப்புட்குழியில பெருமாள் செத்துப்போன ஒரு கழுகுக்குப் புள்ளை மாதிரி காரியம் பண்ணாரு," என்றார் ராஜம்மா. "கழுகு இன்னா அவருக்குப் பங்காளியா?"

"நான் பெருமாள் இல்லம்மா. நெய்யறவன்," என்றார் ஏகாம்பரம். "தெருக்காரங்க போனா நிறுத்தறது வழக்கம். குடிவந்தவங்களுக்கு நிறுத்தினது கெடையாது. நாளைக்கு ரோட்ல போறவருக்கும் நிறுத்தச் சொல்லுவியா?"

"மனுஷன் போயிருக்காரு இல்ல?"

"சரி. நீ நிறுத்தினியா?"

ராஜம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டுத் தறியும்தான் ஓடியது.

அதற்கப்புறமும் தெருவில் சாவு விழுந்தபோதெல்லாம் அப்பா கடையில் எழுந்து நின்றார். ஒரு நாள் நான் பொறுக்காமல் கேட்டேன்.

"நம்ம பெரியப்பாவுக்கு நிக்காத தறி. நீ எதுக்குப்பா அவங்களுக்கு நிக்கற?"

"நான் தறிக்கா நிக்கறேன்? போறவருக்கு நிக்கறேன்," என்றார். அவ்வளவுதான். மறுபடி டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேட ஆரம்பித்தார்.

மேடையில் கேட்டது

இதற்கிடையில் இன்னொன்று. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். பண்பாட்டுப் பாரம்பரியம் என்பது தலைப்பு. ஜரிகை அங்கவஸ்திரம், கணீரென்ற குரல். ஒவ்வொரு மனிதனும் தன் முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தின் மீதுதான் நிற்கிறான் என்றார். ஜன்னல் வழியாகத் தெரிந்த கோபுரத்தை அடிக்கடி கையால் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன். என் முன்னோர் என்ன விட்டுச் சென்றார்கள்? அப்பாவின் அப்பா மாகறல் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். அவர் விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. அதிலும் பிடிதான் அவருடையது, இரும்பு பண்ணைக்காரருடையது. அதன் மீது எப்படி நிற்பது? அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள். கட்டி முடித்த பிறகு அவர்களை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். பாரம்பரியம் என்பது வீடு வாசல் உள்ளவர்கள் சமாசாரம், நமக்கு அது கிடையாது என்று முடிவு கட்டினேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முடிவுகள் சீக்கிரம் வந்துவிடும்.

அப்பாவிடம் போய்க் கொட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ கீ குடுத்தாங்களா?" என்றார்.

பாயும் தலையணையும்

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணம் என்று நினைத்தோம். பிறகு ஏறியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசி போட்டார். மாத்திரை எழுதினார். கடை மூடிக்கிடந்தது. அப்பா ராத்திரி பகல் தெரியாமல் பேசினார். பெரியப்பாவோடு பேசினார். "அண்ணே, பம்பை எடு," என்பார். அம்மா அவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை. இந்த வாரம் இறங்கினால் பிழைத்தார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆக, அந்த விடியற்காலையில் அவர் உடம்பு தண்ணீராக வேர்த்து, நெற்றி சில்லென்று ஆனபோது, அம்மா என்ன செய்தாள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா திருமுக்கூடல் பக்கத்து ஊர்க்காரி. அவள் ஊரில் பெரிய காய்ச்சல் ஒன்று இறங்கிவிட்டால், நோயாளி கிடந்த பாயையும் தலையணையையும் வாசலுக்கு வெளியே வீசிவிடுவார்கள். காய்ச்சல் அதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விட வேண்டுமாம், திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாதாம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டைக் கழுவிவிட வேண்டும். அம்மா சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். அப்பாவைக் கட்டிலில் ஒரு புது விரிப்புக்கு மாற்றினோம். கம்பவுண்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, "பொழைச்சிக்கினாரும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெரு முனையைத் தாண்டியிருக்க மாட்டார், அம்மா வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாசலுக்கு வந்தபோது பார்த்தது இதைத்தான். நடுத்தெருவில் எங்கள் வீட்டுப் பாயும் தலையணையும் கிடந்தன. ஈரத் தலையை விரித்துப் போட்டபடி அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தனை வாரமும் அடக்கிவைத்த அழுகை. படியிலிருந்து கழுவிவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

யார் வீட்டில் சாவு என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் எங்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். இப்போதுதானே அவரை உட்காரவைத்துவிட்டு வந்தேன் என்று உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

ராஜம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"எப்பம்மா போனாரு?" என்றார்.

"யாரு அத்தை?"

"தங்கமான மனுஷன். எங்க தெருவுல பாதிப் பேருக்கு சைக்கிள் கத்துக் குடுத்தவரு."

"அத்தை, அப்பா உள்ள உக்காந்துக்கினு இருக்காரு."

"இன்னா?"

"காய்ச்சல் எறங்கிடுச்சு. பொழைச்சிக்கினாரு. அதான் அம்மா பாயைத் தூக்கிப் போட்டாங்க."

ராஜம்மா பாயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேராகப் போய் அம்மாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"நல்ல சேதிக்கா பாயைத் தூக்கிப் போடுவாங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தான்க்கா," என்றாள் அம்மா விக்கலோடு. "காய்ச்சல் திரும்பி வரக் கூடாதுன்னு போடுவோம்."

"எங்க தெருவுல ஆளு திரும்பி வரமாட்டாருன்னா போடுவோம்," என்றார் ராஜம்மா. பிறகு அம்மாவின் ஈரத் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த மாதிரி சிரிப்பு என் வாழ்நாளில் மறுபடி வந்ததில்லை.

உள்ளே போனேன். அப்பா கூப்பிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா?"

"உனக்குத்தான்பா."

அவருக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"எனக்கா நின்னுது?" என்றார். "எல்லாரும் நிறுத்திட்டாங்களா?"

"எல்லாரும்."

"கோடி வூட்லயும்?"

"ஒரு சத்தமும் கேக்கலையேப்பா."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியப்பா போன அன்றுகூட நான் அவர் அழுது பார்க்கவில்லை. திரும்பாமலேயே கேட்டார்.

"நான் சாகலன்னு வெளிய சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"அவசரப்பட்டுட்டியே," என்றார்.

எடுக்காமல் ஓட்டக் கூடாது

ஏகாம்பரம் வந்து சேர்ந்தபோது அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று கேட்கத்தான் வந்தார். அவர் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று தெருவுக்கே தெரியும்.

ராஜம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு நேராக உள்ளே வந்தார். எங்கள் வாசற்படியைத் தாண்டி அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"இருக்கியாபா?"

"இருக்கேங்க."

"ஒடம்பு?"

"பரவால்லீங்க."

"சரி," என்று வெளியே போனார்.

வெளியே தெருவே கூடியிருந்தது. பெரிய நிம்மதியோடு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சரி, போய்த் தறியை ஓட்டலாம் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். ஏகாம்பரம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்படி ஓட்டறது? எடுக்காம ஓட்டக் கூடாது."

"எடுக்கறதுக்கு ஆளே போகலையே," என்றார் ஒருவர்.

"மிஸ்டேக்குதான மாமா. கேன்சல் பண்ணிட்டு ஓட்டலாம்," என்றார் அண்மையில் கல்யாணமான ஒரு இளம் நெசவாளர்.

"கேன்சல் பண்றதுக்கு இது சினிமா டிக்கெட்டா?"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சிரிப்பெல்லாம் போய்விட்டது. தவறுதலாக நின்றது என்று தெரு முடிவு செய்துவிட்டால், அப்பாவுக்காகத் தறி நிற்கவே இல்லை என்று ஆகிவிடும். உள்ளே அவர் சுவரைப் பார்த்து அழுதது எதற்காக? அதை அவரிடமிருந்து யாராவது திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவருக்கு எல்லாம் கேட்கும்.

ராஜம்மாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். முன்னால் வந்தார்.

"நின்னது நின்னதுதான்னு சொல்றியா?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"ஆமா."

"அப்ப சைக்கிள்காரருக்குத் தறி நின்னுதுன்னு ஒத்துக்கினியா?"

"ஒத்துக்கினேன். அதனாலதான் எடுக்கற வழி இன்னான்னு கேக்கறேன்."

"அவங்க அண்ணன் போனப்ப நிறுத்தாத ஆளு நீ."

ஏகாம்பரம் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"இப்ப பக்கத்து வூட்டுத் தறி நின்னுது. என் காலு தானா நின்னுடுச்சு. யாருன்னு அப்பாலதான் தெரிஞ்சுது," என்றார். "தெரிஞ்சப்புறம் ஓட்ட மனசு வரல. எங்க அப்பா போனப்ப அந்த மனுஷன் கடையில எழுந்து நின்னாரு. எங்க அம்மாவுக்கு நின்னாரு. இந்தத் தெருவுல போன ஒவ்வொருத்தருக்கும் நின்னாரு. நான் பக்கத்து வூடு. பாத்துக்கினுதான இருக்கேன்."

ராஜம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துடலாம்," என்றார் ஏகாம்பரம். "உசுரோட எடுத்துடலாம். முனை திரும்பணும், அதான் வழக்கம். செத்துத்தான் திரும்பணும்னு யாரும் எழுதி வைக்கல."

போய்ட்டு வரேங்க

ஒரு தெரு எப்படி ஒரு பாரம்பரியத்தைச் செய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். அங்கவஸ்திரக்காரர் சொன்னபோது அது நமக்குப் பின்னால் எங்கேயோ கட்டி முடித்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அது எங்கள் வாசலில், இடுப்பில் துண்டு கட்டிய நாலைந்து பேர் தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிற இடத்தில் இருந்தது. தனியாக வந்தோம், தனியாகப் போவோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் அன்றோடு நம்பிக்கை போய்விட்டது. யாரோ என்றைக்கோ ஆரம்பித்து வைத்ததன் நடுவில் வந்து சேர்கிறோம். அது எதற்கு என்று கேட்பதற்கு முன்பே நம் கால் அதற்குப் பழகிவிடுகிறது. போகிற ஒரு ஆளுக்காக ஒரு தெருவே வேலையை நிறுத்திவிட்டு நிற்கும் என்றால், அந்த ஆள் எப்படித் தனி ஆள்? அப்பா யாரும் கேட்காமல் நின்று நின்றே அதற்குள் போய்விட்டார். எங்களுக்கும் அதைச் சம்பாதித்து வைத்தார். மண்வெட்டிப் பிடிக்கு மேல் எனக்கு இது கிடைத்தது. இது போதும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பெரிய நோயிலிருந்து பிழைத்து எழுந்தவர்களை முனைவரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கூட்டி வருவது பழக்கமாகிவிட்டது. வெகு காலம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்து, இந்த வழக்கம் எப்போதிலிருந்து என்று விசாரித்தார். "அது ராஜாக்கள் காலத்துலேர்ந்து நடந்துக்கினு வருது," என்றார் ஏகாம்பரம் கொஞ்சமும் கூசாமல். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. இன்றைக்குத்தான் பிழைத்தார், காற்றுப் பட்டால் என்ன ஆவது என்று கத்தினாள். அப்பா உள்ளிருந்து, "போலாம்," என்றார். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"நாலு பேரு தூக்கினா அது வேற மாதிரி ஆயிடும்," என்றார் அப்பா. "சைக்கிள்ல போறேன்."

வீட்டு வாசலில் எப்போதும் ஒரு வாடகை சைக்கிள் நிற்கும். அதன் கேரியரில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். தெருவில் கிடந்த தலையணையை அம்மா தொட விடவில்லை. ராஜம்மா தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பின்னாலிருந்து அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள். ஏகாம்பரம் முன்னாலேயே வேகமாக நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

தெரு அமைதியாகவே இருந்தது. சக்கரம் சுற்றுகிற டிக் டிக் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு வாசலுக்கும் கையைக் கூப்பினார்.

"போய்ட்டு வரேங்க," என்றார்.

"போய்ட்டு வாங்க," என்றார்கள்.

அந்த வழியாகப் போன யாரும் அதுவரை அப்படிச் சொல்லிக்கொண்டு போனதில்லை. சில பேர் சிரித்தார்கள், சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதி தூரத்தில் அப்பா குனிந்து செயினைப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெ போடலியா?"

"நீ படுத்துக்கினு இருந்தா யாருப்பா போடுவாங்க?"

"நாளைக்குப் போட்டுடணும்," என்றார். நாளைக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா பின்னால் மூக்கை உறிஞ்சினாள்.

கோடி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஏகாம்பரம் தறிக்குழியில் காலை விட்டு, கையில் நாடாவோடு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூடிக்கிடந்த எங்கள் கடையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் சைக்கிளைத் திருப்பினேன். நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு கோடி வீட்டில் தறி அடித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. அதற்கடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்தது. எதிர் வரிசையில் ஒன்று. சத்தம் தெருவுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ராஜம்மா வீடுவரைக்கும் போய்ச் சேர்ந்ததும், எது யார் வீட்டுத் தறி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"போதும், திருப்புடி. காத்து அடிக்குது," என்றாள் அம்மா.

"இரு," என்றார் அப்பா. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "எஸ்தரு, எங்க அண்ணனுக்கும் சேத்துத்தான் நின்னுதுன்னு வச்சிக்கலாமா?"

அம்மா முந்தானையை எடுத்து அவர் காதையும் தலையையும் சுற்றி மூடினாள்.

"வச்சிக்கலாம்," என்றாள்.

அப்பா முந்தானையைக் காதிலிருந்து மட்டும் விலக்கிவிட்டுக்கொண்டார். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"மெதுவா தள்ளும்மா," என்றார். "கேட்டுக்கினே வரேன்."

மெதுவாகத் தள்ளினேன்.